மகரக்கட்டிலிருந்து குரல் சிகிச்சை வரை: சென்னை அபிராமபுரம், மயிலாப்பூர் வட்டாரத்தை முன்வைத்துச் சிறார் குரல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

சிறார்க்கு ஏற்படும் குரல் கோளாறுகளைப் பயிற்சியின்வழிச் சீர்செய்யும் குரல் சிகிச்சை, தமிழகத்தில் அண்மைக்கால மருத்துவத் துறையாகவே அறியப்படுகிறது. ஆயினும், சிறார் குரலைக் கேட்டறிதல், பயிற்றுதல், காத்தல் ஆகியன தமிழ்ச் சூழலுக்குப் புதியன அல்ல. இலக்கண நூல்களின் பிறப்பியல், மருத்துவ மரபின் குரல் கம்மல் பற்றிய அறிவு, பாலர் நாடக சபைகளின் மகரக்கட்டு அனுபவம், இசைக்கல்வியின் சாரீரப் பயிற்சி என்னும் நான்கு மரபுகள் இதற்கு முன்னரே இருந்தன. இவை குரலை எவ்வாறு நோக்கின, நவீனக் குரல் சிகிச்சை இவற்றிலிருந்து எவ்விடத்தில் வேறுபடுகிறது, இன்றைய சட்டங்களிலும் திட்டங்களிலும் சிறார் குரலுக்கு இடமுண்டா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிறார் குரல், மகரக்கட்டு, பாலர் நாடக சபை, சாரீரம், குரல்நாண் முடிச்சு, குரல் சிகிச்சை, சென்னை.

1. முன்னுரை

தென்சென்னையில் மயிலாப்பூர், மந்தைவெளி, ஆழ்வார்ப்பேட்டை, இராசா அண்ணாமலைபுரம் ஆகியவற்றை அடுத்து அமைந்த குடியிருப்புப் பகுதி அபிராமபுரம். இதனைச் சூழ்ந்த வட்டாரம் கடந்த நூற்றாண்டு முழுவதும் தமிழகத்தின் குரலிசைக்கு நடுவிடமாக விளங்கியது. 1928இல் தொடங்கப்பெற்ற மியூசிக் அகாதமியும் மயிலாப்பூரின் சபாக்களும் இதனைச் சூழ உள்ளன. 1949இல் அரசு நிறுவிய கருநாடக இசைக் கல்லூரி, பின்னர்ப் பசுமைவழிச் சாலையிலுள்ள பிராடி மாளிகையில் இயங்கியது. அதன் முதல் முதல்வரான முசிறி சுப்பிரமணிய ஐயரின் பெயரால் மயிலாப்பூரில் ஒரு சாலையும் உள்ளது. காது, மூக்கு, தொண்டை மருத்துவத்திற்கென மருத்துவர் மோகன் காமேசுவரன் நிறுவிய மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனம் இதே வட்டாரத்தில், இராசா அண்ணாமலைபுரத்தில் செயற்படுகிறது.

குரலைப் பயிற்றும் இடங்களும் குரலுக்கு மருத்துவம் செய்யும் இடமும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்துள்ளன. எனினும் இவ்விரு துறைகளும் சிறார் குரலைத் தனித்தனிச் சொற்களால் பேசுகின்றன. ஒரு சிறுவனின் குரல் கரகரத்தால் இசையாசிரியர் ‘சாரீரம் சரியில்லை’ என்கிறார். பெற்றோர் ‘தொண்டைக்கட்டு’ என்கின்றனர். மருத்துவர் ‘குரல்நாண் முடிச்சு’ என்கிறார். இம்மூன்று சொற்களும் மூன்று வரலாறுகளிலிருந்து வந்தவை. அவற்றை இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இலக்கண மரபிலும் மருத்துவ மரபிலும் குரல்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல், பேச்சொலி தோன்றும் முறையை உடலுறுப்புகளின் இயக்கமாக விளக்குகிறது. உந்தியிலிருந்து எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்துகளாகிறது என்பது அதன் கருத்து. நன்னூல் இதனை மேலும் பகுத்து, உயிருக்கும் இடையினத்திற்கும் மிடறு, வல்லினத்திற்கு நெஞ்சு, மெல்லினத்திற்கு மூக்கு, ஆய்தத்திற்குத் தலை என இடம் வகுக்கிறது. மூச்சு, குரல்வளை, ஒத்ததிர்வு, உச்சரிப்பு என்னும் இன்றைய பாகுபாட்டுடன் இவ்விளக்கம் பெரிதும் ஒத்துச் செல்வது கருதத்தக்கது.

எனினும், இலக்கண நூலோர் நோக்கியது எழுத்தின் ஒலியையே; பேசுவோரின் குரலை அன்று. ஒரே எழுத்தைச் சிறுவரும் முதியோரும், நலமுள்ளோரும் கம்மிய குரலுடையோரும் வெவ்வேறு குரலில் ஒலித்தாலும் எழுத்து ஒன்றே. ஆகவே குரலின் தன்மை இலக்கணத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. அதனை இசை மரபும் மருத்துவ மரபும் எடுத்துக்கொண்டன. பண்டைத் தமிழிசையில் ஏழிசையுள் முதலாவதற்கே ‘குரல்’ என்பது பெயர்.

மருத்துவ நூல்களுள் சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் குரல் கெடுதலைத் தனி நோயாகக் கொண்டு, வளி, அழல், ஐயம், இம்மூன்றின் கூட்டு, உடல் தேய்வு, கொழுப்பு மிகுதல் என்னும் ஆறு காரணங்களால் அதனை வகைப்படுத்துகிறது. தமிழகத்து இல்லங்களில் குரல் கம்மலுக்கு அதிமதுரம், சித்தரத்தை, ஆடாதோடை, மிளகு, பனங்கற்கண்டு ஆகியன இன்றும் வழங்குகின்றன. இம்மரபில் இரண்டு இயல்புகளைக் காணலாம். குரல் கேடு உடலின் பொது நிலையோடு இணைத்து எண்ணப்பட்டது. தீர்வு உட்கொள்ளும் பொருளில் தேடப்பட்டது. குரலைப் பயன்படுத்தும் முறையே நோய்க்குக் காரணமாகலாம், அம்முறையை மாற்றுவதே மருந்தாகலாம் என்னும் கருத்து இதில் மையம் பெறவில்லை. குரல் சிகிச்சை வேறுபடும் முதல் இடம் இதுவே.

3. பாலர் நாடக சபைகளும் மகரக்கட்டும்

கலைப் பயிற்சி இளமையிலேயே தொடங்கும் என்பதற்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை சான்று. மாதவி ஐந்து வயதில் பயிலத் தொடங்கி, ஏழாண்டுப் பயிற்சிக்குப் பின் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். சிறார் குரல் ஒரு தொழிலின் மூலதனமாகவே மாறியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய பாலர் நாடக சபைகளில்தான்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். தி. க. சண்முகமும் அவர்தம் உடன்பிறந்தாரும் அவ்வாண்டிலேயே அதில் சேர்ந்தனர். 1912இல் பிறந்த சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி முதலிய வேறு குழுக்களும் சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றின. இக்குழுக்களின் நாடகங்கள் பாடல்களால் ஆனவை. ஆண் வேடம், பெண் வேடம் இரண்டையும் சிறுவரே ஏற்றனர். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், இரவு நெடுநேரம், கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி, ஆர்மோனியத்தின் உயர்ந்த சுருதிக்குப் பாட வேண்டியிருந்தது. எனவே குரலின் இனிமையோடு அதன் வலிமையும் எட்டும் உயரமும் நடிகனின் மதிப்பைத் தீர்மானித்தன.

இச்சூழலில் வேரூன்றிய சொல்லே ‘மகரக்கட்டு’. ஆண்பிள்ளைகள் பருவமெய்தும் காலத்தில் குரல் உடைந்து, இரட்டை ஒலியாய்ப் பிளந்து, பின்னர்த் தாழ்ந்த குரலாக நிலைபெறும் மாற்றத்தை நாடக உலகமும் இசை உலகமும் இச்சொல்லால் குறித்தன. இயல்பான உடல் வளர்ச்சியின் ஒரு கட்டமே இது. ஆனால் பாலர் சபைக்கு அது பொருளிழப்பு. நேற்றுவரை உயர்ந்த சுருதியில் பாடிய சிறுவன் இன்று பாட இயலாதவனாகிறான். அவன் பாட்டு மிகுந்த வேடத்திலிருந்து வசனம் மிகுந்த வேடத்திற்கோ நகைச்சுவை வேடத்திற்கோ மாற வேண்டும். அல்லது குழுவை விட்டு நீங்க வேண்டும். குரல் தெளியும்வரை காத்திருக்கும் வாய்ப்பு எல்லாச் சிறுவர்க்கும் கிட்டவில்லை.

இவ்வனுபவம் நடைமுறை அறிவு ஒன்றை உருவாக்கியது. மகரக்கட்டுக் காலத்தில் உரத்துப் பாடலாகாது, சுருதியைத் தாழ்த்த வேண்டும், குரலுக்கு ஓய்வு தேவை என்பன நாடக, இசை ஆசிரியர்களிடையே வாய்மொழியாக வழங்கியவை. இதே வினா ஐரோப்பாவிலும் எழுந்தது. பாடும் சிறுவரின் குரல் உடையும் காலத்தில் பயிற்சியை முற்றிலும் நிறுத்த வேண்டும் என்று குரலாசிரியர் மானுவல் கார்சியா வற்புறுத்தினார். தக்க கவனத்துடன் தொடரலாம் என்று இலண்டன் மருத்துவர் மோரல் மெக்கன்சி வாதிட்டார். அங்கு இவ்விவாதம் நூல்களில் பதிவாகி மருத்துவத்தோடு இணைந்தது. தமிழகத்தில் அது தொழிலாளரின் வாய்மொழி அறிவாகவே நின்று, பாலர் சபைகள் மறைந்தபோது பெரும்பகுதி மறைந்தது.

4. இசைக்கல்வியில் சாரீரம்

13ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரம் குரலின் நிறைகளையும் குறைகளையும் பட்டியலிடுகிறது. பின்வந்த இசை மரபில் ‘சாரீரம்’ என்னும் சொல் உடலோடு பிறந்த குரல் என்னும் பொருளை அழுத்தமாகப் பெற்றது. விடியற்காலையில் மந்தர சாதகம், அகார சாதகம் போன்ற பயிற்சிகள் குரலுக்கு உறுதியும் தெளிவும் தருவன எனக் கொள்ளப்பட்டன. தாழ்ந்த நிலையில் மெல்லத் தொடங்கி, நீண்ட மூச்சில் ஒரே ஒலியை நிலைநிறுத்தும் இம்முறைக்கும் இன்றைய குரல் சிகிச்சைப் பயிற்சிகள் சிலவற்றுக்கும் ஒப்புமை உண்டு.

ஆயினும் நோக்கம் வேறு. இசைப்பயிற்சி நலமுள்ள குரலை மேம்படுத்துவது. குரல் சிகிச்சை நலங்கெட்ட குரலை இயல்புக்குக் கொணர்வது. நலங்கெட்ட குரலுக்குச் சாதகத்தை மிகுத்தால் கேடும் மிகலாம். மேலும், சாரீரம் பிறப்பிலேயே அமைவது என்னும் எண்ணம் ஒரு விளைவை உண்டாக்கியது. கரகரத்த குரலுடைய குழந்தை ‘சாரீரம் இல்லாதது’ எனக் கருதப்பட்டு, வாய்ப்பாட்டிலிருந்து வீணைக்கோ வயலினுக்கோ மாற்றப்படும். அக்குழந்தையின் குரலில் திருத்தக்கூடிய கோளாறு உண்டா என்னும் வினா எழுவதில்லை. நாடக சபை உடைந்த குரலை விலக்கியது. இசை வகுப்பு கம்மிய குரலை விலக்கியது. இரண்டிலும் நிகழ்ந்தது தேர்வு, சிகிச்சை நிகழவில்லை.

5. குரல்வளையைக் கண்ணால் காணுதலும் சிகிச்சையின் தோற்றமும்

1854இல் கார்சியா சிறு கண்ணாடி ஒன்றின் துணையால் தம் குரல்வளையின் இயக்கத்தைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டு அக்கண்டுபிடிப்பு இலண்டன் ராயல் சொசைட்டியின்முன் வைக்கப்பட்டது. வியன்னாவின் துர்க், புடாபெஸ்டின் செர்மாக் ஆகியோர் அக்கண்ணாடியை மருத்துவக் கருவியாக்கினர். பாடகர் ஒருவரின் ஆர்வத்தில் பிறந்த கருவியே குரல் மருத்துவத்தின் அடிப்படையாயிற்று.

சிறார் குரல் தனித்த ஆய்வுப்பொருளானது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். டேனியல் பூன் 1971இலும், கென்னத் வில்சன் 1972இலும் வெளியிட்ட நூல்கள் குரல் சிகிச்சையை முறைப்படுத்தின. வில்சனின் நூல் சிறார் குரல் சிக்கல்களுக்கென்றே எழுதப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் சப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ, குரல்நாண் பல அடுக்குகளால் ஆனது என்றும், பிறந்த குழந்தையிடம் அவ்வடுக்குகள் பிரியாத நிலையில் இருந்து பருவமெய்தும் காலம்வரை படிப்படியாக வளர்கின்றன என்றும் காட்டினார். பெரியோரின் குரலைச் சிறிதாக்கினால் சிறார் குரல் ஆகிவிடாது என்பது இதனால் நிலைபெற்றது. மகரக்கட்டுக்கும் தெளிவான விளக்கம் கிடைத்தது. குரல்வளை வளர்ந்து குரல்நாண் நீண்டு தடிக்கும்போது, ஆண்பிள்ளைகளின் குரல் ஏறத்தாழ ஒரு மண்டலம் தாழ்கிறது. பெண்பிள்ளைகளிடம் இம்மாற்றம் சில சுரத்தான அளவில் நின்றுவிடுகிறது.

சிறாரிடம் மிகுதியாகக் காணப்படும் கோளாறு குரல்நாண் முடிச்சு. இடைவிடாது கத்துதல், இரைச்சலுக்கு மேலே பேசுதல், விளையாட்டில் விலங்கொலிகளையும் வண்டியொலிகளையும் தொண்டையை இறுக்கி எழுப்புதல் ஆகியவற்றால் இரு குரல்நாண்களும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் தடிப்பு உண்டாகிறது. சளி, ஒவ்வாமை, இரைப்பை அமிலம் மேலேறுதல் ஆகியன இதனை மிகுவிக்கும். சிறுவயதில் இது ஆண்பிள்ளைகளிடமும், வளர்ந்தபின் பெண்களிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. அறுவை மருத்துவம் பொதுவாக இதற்கு முதற்தெரிவு அன்று. குரலைப் பயன்படுத்தும் முறையை மாற்றும் பயிற்சியே முதன்மை மருத்துவம். எனினும் எல்லாக் கரகரப்பும் முடிச்சு அன்று. குரல்வளைப் பாலுண்ணி, குரல்நாண் செயலிழப்பு போன்றனவும் இதே அறிகுறியோடு வரக்கூடும். ஆதலால் குரல்வளையை நோக்காமல் பயிற்சி தொடங்குதல் தகாது.

சிகிச்சை இருவகைப்படும். குரல் பழக்கங்களை அறிந்து மாற்றுதல், நீர் அருந்துதல், வீட்டின் இரைச்சலைக் குறைத்தல், ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கூவி அழைக்காமல் அருகில் சென்று பேசுதல் ஆகியன மறைமுக முறை. ‘ம்’ என்னும் முனகல் ஒலியால் முகத்தில் அதிர்வை உணரச் செய்தல், உறிஞ்சுகுழலை நீரில் வைத்துக் குமிழியிட்டவாறு ஒலித்தல், மூச்சையும் ஒலியையும் மென்மையாக இணைத்தல் ஆகியன நேர்முறை. குழந்தைக்கு இவை விளையாட்டாகவே அமைய வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் பங்கேற்காவிடில் பயன் நிலைப்பதில்லை.

மகரக்கட்டுக்குப் பின்னும் குரல் தாழாமல் உயர்நிலையிலேயே தங்கிவிடும் இளைஞர்க்கும் குரல் சிகிச்சையே முதல் வழி. இவர்களுள் பெரும்பாலோரின் குரல்வளை இயல்பாக வளர்ந்திருக்கும். தசைப் பழக்கம் மட்டுமே பழைய நிலையில் நிற்கும். இருமல் ஒலியிலிருந்து தாழ்ந்த குரலை வெளிக்கொணர்தல், குரல்வளையை விரலால் மெல்ல அழுத்தித் தாழ்த்துதல் போன்ற முறைகளால் சில அமர்வுகளிலேயே மாற்றம் காண்பது உண்டு. அதற்கும் இணங்காத நிலைக்கு, சப்பானிய மருத்துவர் இசிகி 1974இல் வகுத்த குரல்வளைக் குருத்தெலும்பு அறுவை முறைகளுள் ஒன்று பயன்படுகிறது. இத்துணை எளிதில் தீரத்தக்க ஒன்றுக்காக இளைஞர் ஏளனத்துக்கு ஆளாகிப் பேசுவதையே தவிர்த்து வாழ நேர்வது, செய்தி பரவாமையின் விளைவேயாகும்.

6. இந்தியாவிலும் சென்னையிலும் துறையின் வளர்ச்சி

தமிழகத்தில் பேச்சுப் பயிற்சி முதலில் செவிக்குறையுடைய சிறாரின் கல்வியோடு பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் தொடங்கிய பள்ளி இவ்வகையில் முன்னோடி. சென்னை அடையாற்றில் 1969இல் தொடங்கப்பெற்ற பால வித்யாலயா, செவிக்குறையுடைய மழலையர்க்குப் பேச்சுமொழியைப் பயிற்றும் பள்ளியாக வளர்ந்தது. மைசூரில் 1965இல் நிறுவப்பெற்ற அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறையில் பட்டக் கல்வியை நிலைபெறச் செய்தது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் இவ்வல்லுநர்களைப் பதிவு செய்யும் முறையைக் கொணர்ந்தது. சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்திலும், மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பிலும் இத்துறைக் கல்வி நடைபெறுகிறது.

செவிப்புலத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த இவ்வரலாறு ஒரு முன்னுரிமையையும் வகுத்தது. கேளாக் குழந்தைக்குக் கருவி பொருத்துதல், உட்செவிச் சுருள் உள்வைப்பு, அதன்பின் மொழிப்பயிற்சி ஆகியன முதன்மை பெற்றன. இது தேவையான முன்னுரிமையே. ஆனால் கேட்கவும் பேசவும் வல்ல, குரல் மட்டும் கம்மிய குழந்தை இவ்வரிசையில் கடைசியில் நின்றது.

குரலை மதிப்பிடும் கருவிகளைத் தமிழாக்குவதிலும் வரலாற்றுப் பயன் உண்டு. குரலைச் செவியால் மதிப்பிட அமெரிக்க வல்லுநர் 2002இல் கூடி வகுத்த கேப்-வி என்னும் முறை ஆறு தொடர்களைப் படிக்கச் செய்கிறது. மொழியின் உயிரொலிகள், மென்மையான ஒலித்தொடக்கம், முழுதும் அதிர்வுடைய ஒலிகள், வன்மையான ஒலித்தொடக்கம், மூக்கொலிகள், அதிர்விலா வல்லொலிகள் என ஒவ்வொரு தொடரும் ஒரு நோக்கத்துக்கு உரியது. இவற்றைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் பயனில்லை. தமிழில் வல்லெழுத்து மொழிமுதலிலும் இரட்டிக்கும்போதும் அதிர்வின்றியும், உயிர்களுக்கு இடையிலும் மெல்லெழுத்தின் பின்னும் அதிர்வுடனும் அல்லது நெகிழ்ந்தும் ஒலிக்கும். ஆங்கிலத்தில் மென்தொடக்கத்துக்குப் பயன்படும் ஹகரமோ தமிழின் இயல்பான ஒலியன்று. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர் இம்முறைக்கெனத் தமிழ்த் தொடர்களைப் புதிதாக உருவாக்கியுள்ளனர். இங்குத் தமிழ் ஒலியியலாரின் பங்களிப்புக்கு விரிந்த இடமுண்டு. சிறார்க்கேற்ற சொல்லும் பாட்டும் கொண்ட பயிற்சித் தொகுதிகளை உருவாக்குதலும் அதனைச் சார்ந்ததே. மெல்லின எழுத்துகள் ஆறுடைய தமிழ், ஒத்ததிர்வுப் பயிற்சிக்கு வளமான மொழி.

7. சட்டமும் திட்டமும்

2013இல் நடுவணரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையான சிறாரிடம் கண்டறிய வேண்டிய 30 நிலைகளைப் பட்டியலிட்டது. செவித்திறன் குறைபாடு, மொழி வளர்ச்சித் தாமதம், பிளவுபட்ட உதடும் அண்ணமும் ஆகியன அதில் உள்ளன. குரல் கோளாறு இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டை வரையறுக்கும்போது, குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் மொழியிழப்பு போன்றவற்றால் விளையும் நிலையான குறைபாட்டையே குறிக்கிறது. சிறாரின் குரல்நாண் முடிச்சு நிலையானதன்று. ஆதலால் இவ்வரையறைக்குள் வாராது. தீர்க்கக்கூடியதாக இருப்பதே அது கணக்கில் வாராமைக்குக் காரணமாகிறது.

கணக்கிடும் முறையும் முடிவை மாற்றும். இங்கிலாந்தில் எட்டு வயதுச் சிறார் 7,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற ஆய்வாளர் செவிவழிக் கண்டறிந்தோர் 6 விழுக்காட்டினர். பெற்றோர் குறிப்பிட்டோர் 11 விழுக்காட்டினர். சிறார் குரலைப் பற்றிக் கேட்டாலன்றிப் பெற்றோர் அறிந்ததும் பதிவேட்டில் ஏறுவதில்லை என்பதற்கு இது சான்றாகும். நாற்பது, ஐம்பது மாணவர் அமர்ந்து ஒருங்கே உரத்துப் படிக்கும் தமிழக வகுப்பறையில் குழந்தையின் கம்மலை நாள்தோறும் கேட்பவர் ஆசிரியர். ஆயினும் எத்தனை நாள் கம்மல் நீடித்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்னும் எளிய செய்தி ஆசிரியர் பயிற்சியில் அழுத்தம் பெறவில்லை.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. தமிழ் இலக்கண மரபு ஒலி பிறக்கும் முறையை நுட்பமாக விளக்கியபோதும் குரலின் தன்மையைத் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை. மருத்துவ மரபு குரல் கம்மலை நோயாகக் கண்டது. ஆயின் குரலைப் பயன்படுத்தும் முறையைத் திருத்துவது அதன் மையமாகவில்லை. பாலர் நாடக சபையும் இசை வகுப்பும் அம்முறையை நன்கறிந்தன. ஆனால் அவ்வறிவைத் தேர்ந்த குரல்களுக்கே பயன்படுத்தி, கெட்ட குரலை விலக்கின. விலக்கப்பட்ட குரலையே தன் பொருளாகக் கொண்டதுதான் குரல் சிகிச்சையின் புதுமை.

நாடக, இசைக் கலைஞரின் தன்வரலாறுகளில் சிதறிக் கிடக்கும் மகரக்கட்டுக் குறிப்புகளைத் தொகுத்தல், மூத்த இசையாசிரியர்களின் வாய்மொழி அறிவைப் பதிவு செய்தல், சிறார்க்கான மதிப்பீட்டுத் தொடர்களை ஒலியியலாரும் சிகிச்சை வல்லுநரும் இணைந்து உருவாக்குதல் ஆகியன உடனடியாக மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணிகள். அபிராமபுரத்தைச் சூழ்ந்த வட்டாரத்தில் இசைக்கல்வி நிலையங்களும் குரல் மருத்துவ நிலையமும் அருகருகே இருப்பதால், இவ்விணைப்பு ஆய்வுக்கு அது ஏற்ற களமாகும். பள்ளி உடல்நலப் பரிசோதனையில் குழந்தையின் குரல் குறித்த ஒரு வினாவைச் சேர்ப்பதும், இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கம்மலைத் தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என ஆசிரியர்க்கு அறிவுறுத்துவதும் பெருஞ்செலவின்றி இயல்வன.